வேட்டைக்காடாக இருந்ததால் பிழைத்த கிண்டி... காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடும் ஆப்பிரிக்கா: மான்களை உண்மையில் காப்பாற்றுவது எது?

ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறு பக்கம் சர்தார் படேல் சாலையில் இருக்கும் கிண்டி சிறுவர் பூங்கா வாசல். மயிலாப்பூர், தி.நகர், வேளச்சேரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மான் எங்கே?"

அந்த மான்கள் எப்படி நடுச் சென்னையில் மிஞ்சின என்பது பலருக்கும் தெரியாத கதை. இன்று செல்ஃபி எடுக்கும் இந்த இடம், ஒரு காலத்தில் ஆங்கிலேய கவர்னர்களின் வேட்டைக்காடு. வேட்டைக்காக ஒதுக்கி வைத்ததால்தான் இங்கே காடே மிஞ்சியது என்றால் நம்ப முடிகிறதா?

ஆப்பிரிக்காவின் சில நாடுகள் இதே லாஜிக்கை இன்றும் பின்பற்றுகின்றன. காசு கட்டினால் யானையையும் சிங்கத்தையும் சுடலாம். அந்தக் காசில் மற்ற விலங்குகளைக் காப்போம் என்கின்றன. இந்தியாவோ வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சட்டம் போட்டுவிட்டது. இதில் எது சரி? இரண்டு வழியிலும் என்ன சிக்கல்? கிண்டி மான்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

கிண்டி காடு யாருடையது?

தொடக்கத்தில் இது ஒரு ஆங்கிலேயரின் தனிச்சொத்து. 1821-இல் அரசு இதை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. 'கிண்டி லாட்ஜ்' என்ற மாளிகையும், அதைச் சுற்றிய காடும் கவர்னர்களின் ஓய்விடமாகவும் வேட்டைக்களமாகவும் மாறின. 1910-இல் சுமார் 505 ஹெக்டேர் நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

இப்போது கிண்டி என்றாலே நினைவுக்கு வருவது வெளிமானும் புள்ளிமானும்தான். 1924-இல் கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபு வெளிமான்களை இங்கே கொண்டுவந்து விட்டதாகச் சொல்லப்படுகிறது. புள்ளிமான்கள் 1945-க்குப் பிறகு வந்தவை என்பது பரவலாகக் கூறப்படும் தகவல்.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்டின் அளவு மளமளவென்று சுருங்கியது. 1958-இல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்காக மத்திய கல்வி அமைச்சகத்துக்குப் போனது. அதே ஆண்டு, பிரதமர் நேருவின் விருப்பப்படி சிறுவர் பூங்காவுக்காக இன்னொரு பகுதி வனத்துறைக்கு வந்தது. 1961 முதல் 1977 வரை கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக சுமார் 172 ஹெக்டேர் கைமாறியது. ராஜாஜி நினைவிடமும் காமராஜர் நினைவிடமும் நிற்பது இந்தப் பழைய காட்டு நிலத்தில்தான்.

மிச்சமிருந்த காடு 1977-இல் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று அதன் பரப்பு சுமார் 2.70 சதுர கிலோமீட்டர். 1980-களின் கடைசியில் பூங்காவுக்கும் அதை ஒட்டிய ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகங்களுக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டது. அதுவரை ஒரே காட்டில் ஓடித் திரிந்த மான் கூட்டம், தனித்தனி வளாகங்களுக்குள் பிரிந்தது.

நீலகிரியில் வந்த 'லைசென்ஸ்' முறை

கிண்டி கவர்னருக்கு மட்டுமான காடு. ஆனால் 'கட்டுப்பாடோடு வேட்டை' என்ற முறையை இன்றைய தமிழ்நாட்டு மண்ணில் முதலில் பெரிய அளவில் நடத்திப் பார்த்தது நீலகிரியில்.

19-ஆம் நூற்றாண்டில் ஊட்டிக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் வேட்டைதான் பொழுதுபோக்கு. வரையாடு, கடமான், புலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார்கள். கொஞ்ச காலத்தில் சுடுவதற்கு விலங்கே கிடைக்காத நிலை. அப்போதுதான் பயம் வந்தது. 1877-இல் வேட்டைக்காரர்களே சேர்ந்து நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வேட்டைக்கு லைசென்ஸ், அதற்குக் கட்டணம், இனப்பெருக்க மாதங்களில் தடை, பெட்டையையும் குட்டியையும் சுடாமல் வளர்ந்த ஆணை மட்டும் சுட வேண்டும் என்ற கட்டுப்பாடு... இன்று ஆப்பிரிக்காவில் பின்பற்றப்படும் விதிகளின் அடிப்படை எல்லாம் இந்த முறையிலேயே இருந்தது.

இதற்கு இரண்டு பக்கம் உண்டு. வரையாடு அடியோடு அழியாமல் இருந்ததற்கு இந்தக் கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், காலம்காலமாக அந்த மலையில் வாழ்ந்த மக்களின் வேட்டை 'திருட்டு வேட்டை' ஆனது. கட்டணம் கட்ட முடிந்தவருக்கு அது 'விளையாட்டு'. யாருடைய காடு, யாருக்கு உரிமை என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலும் இன்று வரை சண்டை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பின்குறிப்பாக ஒரு நல்ல செய்தி: தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்காக 2023 அக்டோபரில் தனித் திட்டமே தொடங்கப்பட்டது. 2025 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,303 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது.

ஆப்பிரிக்காவில் 'மேனேஜ்டு' வேட்டை எப்படி நடக்கிறது?

முதலில் விலங்குகளை எண்ணுகிறார்கள். அதை வைத்து இந்த ஆண்டு இந்தப் பகுதியில் இந்த இனத்தில் இத்தனை மட்டும் சுடலாம் என்று அரசு ஒரு கோட்டா போடும். பெரும்பாலும் இனப்பெருக்க வயது கடந்த கிழட்டு ஆண்களைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது விதி.

அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் பணக்கார வேட்டைக்காரர் லைசென்ஸ் கட்டணம், சுடும் விலங்குக்குத் தனிக் கட்டணம், தங்கும் நாட்களுக்குத் தினக் கட்டணம் எல்லாம் கட்ட வேண்டும். கூடவே உரிமம் பெற்ற உள்ளூர் வேட்டை வழிகாட்டி ஒருவர் போவார். வந்தவர் தலை, கொம்பு, தோல், தந்தம் போன்றவற்றைப் பாடம் செய்து ஊருக்கு எடுத்துப் போவார். இதனால்தான் இதற்கு 'ட்ரோஃபி ஹன்ட்டிங்' என்று பெயர். கறி பல இடங்களில் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும்.

எவ்வளவு காசு? 2014-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஏலத்தில், நமீபியாவில் ஒரே ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடுவதற்கான அனுமதி 3,50,000 டாலருக்குப் போனது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 'இனத்துக்கு இனி பயன்படாத, இளம் ஆண்களைத் தாக்கும் வயதான ஆணைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பணம் பாதுகாப்புக்குத்தான் போகிறது' என்பது நமீபியா தரப்பு சொன்ன விளக்கம்.

இதன் அளவும் சின்னதில்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சஹாராவுக்குத் தெற்கே சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் இந்த வேட்டைக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. இது அங்குள்ள தேசியப் பூங்காக்களின் மொத்தப் பரப்பைவிட அதிகம்!

சுடாமல் போட்டோ எடுத்தே சம்பாதிக்கலாமே?

நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, சஃபாரிதான். கூட்டம் குவிகிறது. அங்கே ரோடு இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. 'பிக் ஃபைவ்' எனப்படும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்பும் இருக்கிறது.

ஆனால் எல்லாக் காடும் க்ரூகர் இல்லை. முட்புதர், ஈ, வெயில், நாள் முழுக்கச் சுற்றினாலும் நாலு மான் கண்ணில் பட்டால் அதிசயம் என்ற காடுகள்தான் அதிகம். அங்கே கேமராவோடு யாரும் போக மாட்டார்கள். வேட்டைக்காரர் போவார். நூறு சுற்றுலாப் பயணிகள் தரும் பணத்தை ஒரே வேட்டைக்காரர் தருவார், அவருக்கு ஏ.சி. ரூமும் தார் ரோடும் வேண்டாம். வேட்டையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: அந்த வருமானமும் நின்றால், நிலம் மாட்டுப் பண்ணையாகவோ வயலாகவோ மாறிவிடும். அப்போது ஒரு கிழட்டு ஆண் மட்டும் சாகாது, காடே போய்விடும்.

2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, சஃபாரி வருமானத்தை மட்டும் நம்பியிருந்த பல காப்பகங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே தடுமாறின. ஒரே வருமானத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். வேட்டைக்காரரும் அதே விமானத்தில்தான் வர வேண்டும் என்பதால், அந்த வருமானமும் அப்போது தப்பவில்லை.

பலன் கிடைத்ததா?

சில இடங்களில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போய்விட்டது. கடுமையான பாதுகாப்பால் 1968-இல் சுமார் 1,800 ஆனது. அந்த ஆண்டு கட்டுப்பாடோடு வேட்டை அனுமதிக்கப்பட்டது. விலங்குக்கு விலை வந்ததும், தனியார் பண்ணைக்காரர்கள் மாட்டுக்குப் பதில் காண்டாமிருகம் வளர்க்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் எண்ணிக்கை 20,000-ஐத் தொட்டது. அதன் பிறகு கொம்புக்கான திருட்டு வேட்டையால் மறுபடி சரிந்தது வேறு கதை.

நமீபியா இன்னொரு உதாரணம். 1996-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம், கிராம மக்கள் சேர்ந்து தங்கள் நிலத்தைப் பாதுகாப்பு வட்டாரமாகப் பதிவு செய்ய வழிசெய்தது. 1998-இல் முதல் நான்கு வட்டாரங்கள் உருவாயின. இன்று 80-க்கும் மேல் இருக்கின்றன. சுற்றுலா, வேட்டை இரண்டிலும் வரும் பணம் அந்த மக்களுக்கே போகிறது. நேற்று வரை சிங்கத்துக்கு விஷம் வைத்தவர், இன்று அதைக் காவல் காக்கிறார். காரணம் சிம்பிள்: அது இப்போது அவருடைய சொத்து.

மறுபக்கமும் உண்டு. 2015-இல் ஜிம்பாப்வேயில் 'செசில்' என்ற சிங்கத்தை ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர் வேட்டையாடிக் கொன்றது உலகச் செய்தி ஆனது. தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் பார்த்த சிங்கம் அது. பூங்கா எல்லைக்கு வெளியே வந்தபோது வேட்டையாடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைப் பண்ணையில் வளர்த்து, வேலிக்குள் விட்டுச் சுட வைக்கும் தொழில் பெரும் அவப்பெயர் வாங்கியது. அதைப் படிப்படியாக மூடப் போவதாக அந்நாட்டு அரசே 2024-இல் அறிவித்தது. ஊழல் மலிந்த நாடுகளில் கோட்டா காகிதத்தில் மட்டும் இருக்கிறது, பணம் கிராமத்துக்கு வந்து சேர்வதில்லை என்ற புகார்களும் நிறைய.

சரி, தடை போட்டால் தீர்ந்துவிடுமா? கென்யா 1977-லேயே வேட்டைக்குத் தடை போட்டது. ஆனால் 1977 முதல் 2016 வரையான கணக்கை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கண்டறிந்தார்கள். மக்கள்தொகை, வேலிகள், கால்நடைப் பெருக்கம், வறட்சி என்று காரணங்கள் பல. அதாவது, துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்தால் மட்டும் விலங்கு பிழைத்துவிடாது. அதற்கு நிலம் வேண்டும்.

போட்ஸ்வானாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2014-இல் வேட்டையை நிறுத்தியது. 2019-இல் மறுபடி அனுமதித்தது. அங்கே சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன. பயிர் போகிறது, உயிர் போகிறது என்பது கிராமத்தவர் குமுறல். 2024-இல் ஜெர்மனி வேட்டைப் பொருட்கள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பேசியபோது, அன்றைய போட்ஸ்வானா அதிபர் மாசிசி கோபத்தில் சொன்னது, 'உங்களுக்கு 20,000 யானைகளை அனுப்பி வைக்கிறேன், நீங்களே வளர்த்துப் பாருங்கள்!'

இந்தியா ஏன் வேறு வழியில் போனது?

இந்தியாவிலும் இது நடந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டுப் பணக்காரர்களைக் கூட்டி வந்து புலி சுட வைக்கும் ஷிகார் கம்பெனிகள் இருந்தன. கோட்டாவும் லைசென்ஸும் பேருக்கு இருந்தன, கண்காணிப்பு இல்லை. 1952-இல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-இல் எண்ணிப் பார்த்தபோது நாட்டில் இருந்த புலிகள் 1,827 மட்டும்.

அதே 1972-இல் வந்தது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இன்று அதன் 9-ஆவது பிரிவின்படி, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். வெளிமான் இருப்பது உச்சபட்சப் பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில். அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 1998-இல் ராஜஸ்தானில் நடந்த வெளிமான் வேட்டை வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018-இல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது பலருக்கும் நினைவிருக்கும். அவர் ஜாமீனில் வெளிவந்து, மேல்முறையீடு செய்தார்.

சட்டம் பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. 2022 கணக்கெடுப்பில் புலிகளின் எண்ணிக்கை 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 306.

ஆப்பிரிக்க முறை இங்கே சரிப்பட்டு வராததற்கு இன்னொரு காரணம், இடம். நமீபியா தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரியது. அங்கே மொத்த மக்கள்தொகையே சுமார் 30 லட்சம். 2011-லேயே சென்னை மாவட்டத்தில் மட்டும் 46 லட்சம் பேர்! ஆளே இல்லாத ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் செய்வதை, ஊருக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் நம் காடுகளில் செய்ய முடியாது. அதோடு தென்னாப்பிரிக்காவில் வேலி போட்ட பண்ணையில் இருக்கும் விலங்கு அந்த நிலக்காரருக்கே சொந்தமாக முடியும். இங்கே விவசாயி வயலுக்குள் வந்த மான், அவருக்கு நஷ்டம் மட்டும்தான். அதிலிருந்து ஒரு பைசா வருமானமும் வராது.

அப்போ இந்தியாவில் சுடவே கூடாதா?

விதிவிலக்கு உண்டு. பயிரை நாசம் செய்யும் விலங்குகளைக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குச் சுட அனுமதிக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. பீகாரில் நீலான், உத்தராகண்டில் காட்டுப்பன்றி, இமாச்சலில் குரங்கு ஆகியவற்றுக்கு இப்படி அறிவிப்பு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கவனிக்க வேண்டியது, சுடுவது வனத்துறை மட்டும்தான். காசு கட்டி வரும் ஆளுக்கு இதில் இடமே இல்லை.

மறுபடி கிண்டிக்கு வருவோம்: இங்கே என்ன பிரச்சினை?

தேசியப் பூங்காவில் மான்களைத் தின்னப் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. நரி இருக்கிறது, அது குட்டியைத் தூக்கலாம், வளர்ந்த மானை ஒன்றும் செய்யாது. வேட்டையும் இல்லை. வேறு காட்டுக்கு நடந்து போக வழியும் இல்லை. நான்கு பக்கமும் சுவர், அதற்கு அப்பால் டிராஃபிக்.

இந்தச் சூழலில் புள்ளிமான் சமாளித்துக்கொள்கிறது. புல்லும் தின்னும், இலையும் தின்னும், புதருக்குள்ளும் வாழும். வெளிமானுக்கு அது முடியாது. பெயரிலேயே இருக்கிறது; அதற்குத் திறந்த வெளி வேண்டும். சங்க இலக்கியத்தில் 'இரலை' என்று வரும் மான், முல்லை நிலத்துக்கு உரியது. புல்வெளியில் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, பாய்ந்து ஓடித் தப்பிக்கிற உடல்வாகு அதற்கு. கிண்டியில் போலோ மைதானம் எனப்படும் புல்தரைதான் அதன் முக்கிய இடம். அந்தப் புல்தரையைப் புதரும் மரமும் மூட மூட, வெளிமானுக்கு இடம் குறையும். 'மரம் நட்டால் நல்லதுதானே' என்று நினைக்கத் தோன்றும். வெளிமானுக்கு அது நல்லதில்லை.

ஐ.ஐ.டி. வளாகத்தில் இன்னொரு தலைவலி, நாய். தெருநாய்கள் மான்களைத் துரத்திக் கடிப்பதும், நாய்களை என்ன செய்வது என்பதும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். அடுத்தது பிளாஸ்டிக். சாப்பாட்டு வாசனையோடு கிடக்கும் பிளாஸ்டிக் கவரை மான் அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்ததாக நினைத்து, பட்டினியில் சாகும்.

மான்களை வேறு காட்டுக்கு மாற்ற முடியாதா?

ஆப்பிரிக்க முறையில் எண்ணிக்கை கூடினால் கோட்டா போட்டுக் குறைத்துவிடுவார்கள். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது: 12-ஆவது பிரிவின்படி எண்ணிக்கையை நிர்வகிக்கலாம், வேறு இடத்துக்கு மாற்றலாம்; ஆனால் கொல்லக் கூடாது. பிடிப்பதும்கூடச் சட்டத்தின் பார்வையில் 'வேட்டை' என்பதால், அதற்கே தனி அனுமதி வேண்டும்.

அதிலும் மானைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. வலையில் மாட்டிய பயத்திலேயே தசைகள் சிதைந்து செத்துப்போகும் விலங்கு அது. இதற்குத் தீர்வு வந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்துதான். அதன் பெயர் 'போமா'. புனல் மாதிரி, வாயில் அகலமாகவும் போகப் போகக் குறுகலாகவும் துணியாலோ தட்டியாலோ ஒரு அடைப்பு கட்டுவார்கள். மான்கள் கூட்டமாக உள்ளே போகும். கடைசியில் நேராக லாரிக்குள் ஏறிவிடும். கையால் தொட வேண்டியதே இல்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில், தென்னாப்பிரிக்க நிபுணர்கள் உதவியோடு, ஹெலிகாப்டரில் ஓட்டி இந்த முறையில் 800-க்கும் மேற்பட்ட வெளிமான்கள் பிடிக்கப்பட்டு, வயல்களிலிருந்து சரணாலயத்துக்கு மாற்றப்பட்டன. 2022-இல் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் அதே மாநிலத்தின் குனோ பூங்காவுக்கு வந்தபோதும், அவற்றுக்கு இரையாகப் புள்ளிமான்களைக் கொண்டு சேர்க்க இதே போமாதான் கைகொடுத்தது. அங்கே வயல்வெளி, ஹெலிகாப்டர் பறக்க இடம் இருந்தது. கிண்டியில் சுவரும் கட்டடமும்.

தமிழ்நாட்டில் வெளிமானுக்குக் கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் நகரத்து மான் போகும் இடத்தில் போதுமான புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அங்கிருக்கும் மான்களுக்கு நோய் போகக் கூடாது, பக்கத்து விவசாயிக்கு நஷ்டம் வரக் கூடாது. லாரி வந்தால் மட்டும் வேலை முடியாது.

யார் செலவு செய்வது?

இந்த மொத்த விவகாரத்தின் மையம் இதுதான். ஆப்பிரிக்காவின் சில நாடுகள், 'விலங்கைக் காக்க ஆகும் செலவை வேட்டைக்காரரும் சுற்றுலாப் பயணியும் கொடுக்கட்டும்' என்கின்றன. இந்தியா, 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்கிறது. வேட்டை வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிது. அதன் பிறகு வரும் வேலை பெரிது. புதரை வெட்டிப் புல்தரையைத் திறந்து வைக்க வேண்டும். கோடையில் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். சுவர் இடிந்தால் நாய் நுழையும் முன் கட்ட வேண்டும். எண்ணிக்கையைத் தவறாமல் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆளும் காசும் வேண்டும். ஒரு வருடம் செய்து மறு வருடம் விட்டால் பலன் இல்லை.

க்ரூகர் பூங்காவின் பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியைப் போல 45 மடங்கு. அங்கே ஒரு தப்பு நடந்தால் இயற்கை தானாகச் சரிசெய்ய இடம் இருக்கிறது. கிண்டியின் 2.70 சதுர கிலோமீட்டரில் அதற்கு இடமில்லை. இங்கே ஒவ்வொரு ஏக்கரும் கணக்கு.

200 ஆண்டுகளுக்கு முன்னால் கவர்னரின் வேட்டை ஆசை இந்தக் காட்டைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றியது. அந்தக் காலம் போய்விட்டது; திரும்பி வரவும் வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் வேறு யாராவது அக்கறையோடு இருக்க வேண்டும் அல்லவா? ரூ.30 கோடியில் புதுப்பிக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்த சிறுவர் பூங்காவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், சென்னைக்காரர்களுக்கு மான் மேல் பாசம் இருப்பது தெரிகிறது.

அந்தப் பாசம் வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு: சிப்ஸ் பாக்கெட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீச வேண்டாம். மானுக்குப் பிஸ்கட் போட வேண்டாம். குட்டி தனியாக நின்றால் தூக்க வேண்டாம். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். ரோட்டில் அடிபட்ட மானைப் பார்த்தால் வீடியோ எடுப்பதற்கு முன் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள்.